மருந்துக் கடைப் பரிசோதனை - யார் பொறுப்பு?

(சேலையூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்றைய கூட்டத்தில் நான் ஜோசியத்தைப் பற்றியோ சடங்கைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணிக்கொண்டு உங்களில் பலர் வந்திருக்கலாம். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏனென்றால் நான் இன்று மருந்துக் கடையைப் பற்றிப் பேசப் போகிறேன். மருந்துக் கடைக்கும் இந்த மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். மற்றதெல்லாம் சட்டப் புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் புரட்டியும், விஷயம் தெரிந்தவர்களை நச்சரித்துக் கேட்டும் தெரிந்து கொண்டதேயாகும். ஆதலால் நான் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு, பிறகு நீங்களும் விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

தோழர்களே! கேம்ப் ரோடிலிருந்து தாம்பரம் வரையில் நடந்து போனால் எத்தனை மருந்துக் கடைகள் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அவற்றில் பலவற்றின் வாசலில் "சர்க்கரை பரிசோதனை செய்யப்படும்", "பிரஷர் பார்க்கப்படும்", "இரத்த மாதிரி எடுக்கப்படும்" என்று போர்டு தொங்குகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் கூலி போகிறது. டாக்டரிடம் போனால் பீஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையிலோ கையை நீட்டினால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிகிறது. கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர். "வாங்க அண்ணே, வாங்க அக்கா" என்று மரியாதையாய்ப் பேசுகிறவர். ஆகையால் ஜனங்கள் அங்கே போவது இயற்கையே.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2023இல் வெளியாயிற்று. இன்னும் 13 கோடிப் பேர் அந்த வியாதியின் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அதில் கண்டிருக்கிறது. இத்தனை பேரையும் டாக்டர்களே பரிசோதித்துத் தீர்ப்பது ஆகக்கூடிய காரியமா? ஆகவே மருந்துக் கடையில் பரிசோதனையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

என் அக்காளுக்கு நேர்ந்தது

ஊர்க் கதையை விட்டு என் வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். என் அக்காள் மாம்பழம் விற்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையிலே, மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், களைப்பாயிருக்கிறதே என்று பக்கத்திலிருந்த ஒரு மருந்துக் கடைக்குப் போனாள். கடைப் பையன் விரலில் குத்தி மிஷினில் வைத்துப் பார்த்து, "270 காட்டுகிறது அக்கா, உனக்குச் சர்க்கரை" என்று சொல்லிவிட்டான். இவள் பயந்து போய், "என்னப்பா செய்வது?" என்று கேட்டாள். அவனே மாத்திரையும் கொடுத்து, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டும் கொடுத்தான்.

பத்து நாள் சாப்பிட்டாள். பதினோராம் நாள் காலை, வெறும் வயிற்றோடு கூடையைத் தூக்கினவள், வேர்த்து விறுவிறுத்துக் கைகால் நடுங்கி ரோட்டிலேயே விழுந்துவிட்டாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சர்க்கரை 45தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிறகு மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் பரிசோதனையும் செய்து பார்த்து, "இந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதியே இல்லையே! யார் மாத்திரை கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார்.

அப்படியானால் அந்த 270 எங்கிருந்து வந்தது? மாம்பழத்திலிருந்து வந்தது! காலை முதல் பழம் நறுக்கிக் கொடுத்த கை. அதைக் கழுவச் சொல்லாமல் குத்திவிட்டான். விரலிலே ஒட்டியிருந்த பழச்சாறு ஒரு துளி இரத்தத்தோடு கலந்துவிட்டது. மிஷின் பொய் சொல்லவில்லை, தோழர்களே! மாம்பழத்தின் சர்க்கரையைத்தான் அது யோக்கியமாய்ச் சொல்லிற்று. நாம்தான் அதை மனுஷியின் சர்க்கரை என்று எடுத்துக் கொண்டோம்.

நான் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். பையன், "மிஷின் காட்டியதைத்தான் சொன்னேன்" என்றான். முதலாளி, "அந்த அம்மாள் கேட்டார்கள், கொடுத்தோம்" என்றார். ரசீது இருக்கிறதா, எழுதி வைத்த புஸ்தகம் இருக்கிறதா என்றால் ஒன்றுமில்லை. மிஷினின் பேரில் நான் வழக்குப் போட முடியுமா? மாம்பழத்தைக் கூண்டில் ஏற்ற முடியுமா? ஒரு பெண்பிள்ளை சாகக் கிடந்தாள். அதற்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் இல்லை. இதுதான் நான் இன்று பேச வந்த சங்கதி.

மிஷினும் ஜோசியனும்

நம்மில் சிலர் ஜோசியனை நம்புவதில்லை என்று பெருமையாய்ச் சொல்லிக் கொள்ளுகிறோம். ஆனால் ஒரு சிறு பெட்டியில் எண் தெரிந்தால் அப்படியே நம்பிவிடுகிறோம். எதைச் சொன்னாலும், "உனக்கு எப்படித் தெரியும்? சரி பார்த்தது யார்? தப்பானால் யார் ஜவாப்தாரி?" என்று கேட்பதுதான் அறிவுக்கு அடையாளம். ஜோசியனிடம் கேட்கும் கேள்வியைப் பெட்டியினிடம் கேட்காமல் விட்டால், சாமியை மாற்றிக் கொண்டோமே தவிர புத்தியை மாற்றிக் கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தப் பெட்டிக்குள்ள அளவு என்ன என்று பாருங்கள். குளுக்கோமீட்டருக்கு 2013இல் வகுத்த சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன்படி, சர்க்கரை 100க்கு மேல் இருக்குமிடத்தில் நூற்றுக்கு 15 வரையில் கூடவோ குறையவோ காட்டினாலும் அந்தக் கருவி நல்ல கருவிதான். நூறு தடவை பார்த்தால் 95 தடவை அந்த எல்லைக்குள் இருந்தால் போதும். வெறும் வயிற்றில் 126 இருந்தால் சர்க்கரை வியாதி என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 126ஐ நல்ல கருவியே 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். இது கருவியின் குற்றமல்ல. வியாதி உள்ளவர் தினம் தினம் தம் நிலைமையைப் பார்த்துக் கொள்ளுவதற்குச் செய்த கருவி அது. வியாதி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். தராசில் புளி நிறுக்கலாம். அதே தராசில் பொன் நிறுத்தால் யார் ஒத்துக் கொள்ளுவார்கள்?

தவிரவும், அந்த ஸ்டிரிப்பை மூடி வைக்க வேண்டும், 30 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் அந்த டப்பா என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரஷர் சங்கதியும் இப்படியே. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, புஜத்துக்குத் தக்க பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வேறு நாளிலும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். சைக்கிள் மிதித்து வந்து கவுண்டரில் நின்றபடி கை நீட்டுகிறவனுக்கு வரும் எண் அவன் வியாதியின் எண்ணா, அவன் மிதித்த மேட்டின் எண்ணா?

இரத்தம் எடுத்து வெளியே அனுப்பும் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயில் எடுத்த இரத்தம் உயிருள்ள பொருள். அதிலுள்ள அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சும்மா வைத்தால் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை குறைந்து போகும். அதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் மருந்து வைத்திருக்கிறார்கள். காலையில் எடுத்ததைச் சாயங்காலம் வரை கவுண்டரில் வைத்து, பிறகு பையனின் மோட்டார் சைக்கிளில் அனுப்பினால், வியாதிக்காரனுக்கு வியாதியில்லை என்று நற்சாட்சிப் பத்திரம் வந்து சேரும். அவனும் சந்தோஷமாய் லட்டு வாங்கித் தின்பான்.

இதற்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று உண்டு. பரிசோதிக்கிறவரே மருந்தும் விற்கிறவராயிருப்பதுதான் அது. தோஷம் இருக்கிறது என்று சொல்லுகிறவனே பரிகாரத்துக்கும் பணம் வாங்கிக் கொண்டால், தோஷமில்லாத ஜாதகத்தை அவன் எங்கே பார்ப்பான்? கடைக்காரர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. யோக்கியமானவர்கள் அநேகம் பேர் இருக்கிறார்கள். ஆனால் மனிதனின் யோக்கியதையை நம்பிச் சட்டத்தை எழுதாமல் விடுவது புத்திசாலித்தனமல்ல.

நாட்டில் நடந்த சங்கதிகள்

இது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம் தாம்பரத்தையே உதாரணம் காட்டுகிறேன். 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் இங்கே காசநோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி வைத்தார். 1937இல் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டது. ரயில்வே ஸ்டேஷனுக்கே அதனால் சானடோரியம் என்று பேர் வந்தது. அந்தக் காசநோயை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்து விடலாம் என்று சொல்லிப் பல கம்பெனிகள் கிட்டு விற்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் ஆராய்ந்து, அந்தச் சோதனைகள் நோயில்லாதவரை நோயாளி என்றும், நோயாளியை நோயில்லாதவர் என்றும் சொல்லுகின்றன, ஆகவே உபயோகிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. அப்போது வருஷத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்துகொண்டிருந்தனவாம். குறைந்தது 18 தினுசு கிட்டுகள் விற்பனையில் இருந்தனவாம். அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செய்தவை. ஆனால் பேர்பெற்ற எந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியும் அவற்றை அங்கீகரித்திருக்கவில்லை! 2012 ஜூனில் இந்திய சர்க்கார் அவற்றைத் தடை செய்தது. அதற்கு முன்னால் காசு கொடுத்துப் பொய்யை வாங்கினவர்கள் எத்தனை பேர்? நோயில்லை என்ற சீட்டை நம்பி வீட்டிலேயே இருமிக் கொண்டிருந்து, குழந்தைகளுக்கும் ஒட்டவைத்தவர்கள் எத்தனை பேர்?

நிற்க. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் என்ன நடந்தது? சீனாவிலிருந்து துரித சோதனைக் கிட்டுகள் அவசர அவசரமாய் வந்தன. பல மாகாணங்களில் சோதித்துப் பார்த்ததில் முடிவுகள் தாறுமாறாக இருக்கவே, அவற்றை நிறுத்தித் திருப்பி அனுப்பும்படி மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவிட்டது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட்டு ஒன்று 600 ரூபாய்க்கு விற்கப்பட்ட சங்கதி டில்லி ஹைக்கோர்ட்டில் வெளியாகி, 400 ரூபாய்க்கு மேல் கூடாது என்று கோர்ட்டார் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்காவிலோ இதற்கெல்லாம் தலையான கூத்து நடந்தது. ஒரு துளி இரத்தத்தில் எத்தனையோ பரிசோதனை செய்யும் அதிசயப் பெட்டி கண்டுபிடித்திருக்கிறோம் என்று தெரனோஸ் என்னும் கம்பெனி கிளம்பி, 2013 முதல் வால்கிரீன்ஸ் என்னும் பெரிய மருந்துக் கடைகளுக்குள்ளேயே இரத்தம் எடுக்கும் இடங்களைத் திறந்தது. அரிசோனா மாகாணத்தில் மட்டும் சுமார் 40 கடைகள். பெரிய மனிதர்கள் பணம் போட்டார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. முடிவில் பெட்டி சொன்னது நம்பத் தகுந்ததல்ல என்று வெளியாகி, 2016இல் கம்பெனியே அந்தப் பெட்டியின் இரண்டு வருஷ முடிவுகளை ரத்து செய்தது. அரிசோனாவில் 1,75,000க்கு மேற்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கம்பெனியை ஸ்தாபித்த அம்மாளுக்கு 2022இல் 11 வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆனால் எதற்காக? பணம் போட்ட முதலாளிகளை ஏமாற்றியதற்காக! இரத்தம் கொடுத்த நோயாளிகளை ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள். பார்த்தீர்களா! பணத்துக்கு இருக்கிற பாதுகாப்பு இரத்தத்துக்கு இல்லை.

இருந்தாலும் அந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1988இல் போட்ட ஆய்வுக்கூடச் சட்டத்தின்படி, சுலபமான பரிசோதனை செய்யும் மருந்துக் கடையும் அதற்கென்று ஒரு சர்டிபிகேட் வாங்கியாக வேண்டும். கடினமான பரிசோதனைக்குக் கடினமான விதி. தெரனோஸின் ஆய்வுக்கூடத்துக்குள் உத்தியோகஸ்தர்கள் புகுந்து பார்த்து, நோயாளிகளின் உயிருக்கே ஆபத்து என்று எழுதினதும் அந்தச் சட்டத்தின் பலத்தால்தான்.

நம் சட்டங்களின் யோக்கியதை

நம்மிடம் சட்டமில்லையா? ஏராளமாய் இருக்கிறது. மருந்தைப் பற்றி 1940ஆம் வருஷத்துச் சட்டம். மருந்தாளுநரைப் பற்றி 1948ஆம் வருஷத்துச் சட்டம். கருவிகளைப் பற்றி 2017ஆம் வருஷத்து விதிகள். ஆஸ்பத்திரிகளையும் பரிசோதனை நிலையங்களையும் பதிவு செய்யத் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இலேயே வந்தது. ஆனால் அதற்கு விதிகள் வந்ததோ 2018இல்! பிள்ளை பிறந்து இருபத்தொரு வருஷம் கழித்து நடக்கக் கற்றுக் கொண்டது. ஆய்வுக்கூட முடிவில் கையெழுத்துப் போட நோய்க்குறியியலில் மேல்படிப்புப் படித்த பதிவுபெற்ற டாக்டராயிருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 டிசம்பரில் சொல்லிற்று.

இத்தனையும் சரி. ஆனால் மருந்து விற்கக் கொடுத்த லைசென்ஸ் இரத்தம் எடுக்கக் கொடுத்த லைசென்ஸ் அல்ல. பெட்டியைச் செய்கிறவனுக்கு விதி இருக்கிறது. மாத்திரையை விற்கிறவனுக்கு விதி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு விதி இருக்கிறது. பெட்டியும் மாத்திரையும் விரலும் ஒன்றுசேரும் அந்த இரண்டடி அகலக் கவுண்டரிலே மட்டும் கேட்பாரில்லை. என் அக்காள் விழுந்தது அந்த இடைவெளியில்தான்.

என்ன வேண்டும்?

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்க வேண்டியவை இவை. முதலாவது, மருந்துக் கடையில் எந்தெந்தப் பரிசோதனை செய்யலாம் என்று பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது, அதைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே செய்ய வேண்டும் அல்லது தம் கண்ணெதிரில் செய்விக்க வேண்டும். ஆளைக் காணாமல் சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கினால் போதாது. மூன்றாவது, கருவியைச் சரி பார்த்த தேதி, ஸ்டிரிப்பின் காலாவதித் தேதி, வந்த எண், செய்தவர் பேர் எல்லாம் ஒரு புஸ்தகத்தில் எழுதி, நோயாளிக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டும் கொடுக்க வேண்டும். நான்காவது, ஆளுக்கொரு புது ஊசி. உபயோகித்த ஊசி 2016ஆம் வருஷத்துக் கழிவு விதிகளில் சொன்னபடி துளையாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். குப்பை பொறுக்கும் நம் சகோதரியின் கையில் குத்தக்கூடாது. ஐந்தாவது, எண்ணைச் சொல்லி டாக்டரிடம் அனுப்ப வேண்டுமேயல்லாமல், அந்த எண்ணை வைத்துக்கொண்டு டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை விற்கக்கூடாது. ஆறாவது, ஒருவர் இரத்தத்தின் சங்கதி வரிசையில் நிற்கிற பத்துப் பேர் காதில் விழக்கூடாது.

இதற்கு ஒரு கடைக்கார நண்பர் என்னிடம் ஆட்சேபணை சொன்னார். "விதி போட்டால் இன்ஸ்பெக்டர் மாமூல் கேட்பார். சின்னக் கடைகள் அழிந்து பெரிய கம்பெனிக் கடைகள்தான் வாழும்" என்றார். இதைத் தள்ளிவிட முடியாது. அவர் பயம் நியாயமானதே. அதனால்தான் சுலபமான பரிசோதனைக்குச் சுலபமான விதி வேண்டும் என்கிறேன். ஒரு நோட்டுப் புஸ்தகம், ஒரு ஊசி டப்பா, சோப்பும் தண்ணீரும், மாதமொரு தடவை கருவியைச் சரி பார்ப்பது, இதற்கு எத்தனை ஆயிரம் செலவாகும்? காசநோய் மருந்து உட்பட 46 மருந்துகளுக்கு, டாக்டர் பேரும் நோயாளி பேரும் எழுதித் தனிப் புஸ்தகம் வைக்க வேண்டும் என்று 2014 மார்ச்சு முதல் விதி நடக்கிறது. அந்தப் புஸ்தகம் வைத்ததனால் கடைகள் அழிந்து போகவில்லையே! விதியில்லாவிட்டால் மாமூல் இல்லை என்று யார் சொன்னது? எது சரி, எது தப்பு என்று எழுதப்படாத இடத்தில்தான் இஷ்டம்போல் கை நீட்ட வசதி அதிகம்.

தோழர்களே! சர்க்கார் விதி போடும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே செய்யக் கூடியது இருக்கிறது. கடையில் விரலை நீட்டுமுன் கையைக் கழுவத் தண்ணீர் கேளுங்கள். புது ஊசியை உங்கள் கண்ணெதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்டிரிப் டப்பாவின் தேதியைப் பாருங்கள். வந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற கடையில் விரலை நீட்டாதீர்கள். தன் வார்த்தைக்குக் கையெழுத்துப் போடப் பயப்படுகிறவன் சொல்லும் எண்ணுக்காக நீங்கள் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்?

என் அக்காள் இப்போது சௌக்கியமாயிருக்கிறாள். பழந்தான் விற்கிறாள். ஆனால் அன்று விழுந்தவள் தனியாக ஒரு சந்தில் விழுந்திருந்தால், "பாவம், சர்க்கரை முற்றிச் செத்தாள்" என்றுதான் ஊரார் பேசியிருப்பார்கள். மாத்திரைதான் கொன்றது என்று ஒருவருக்கும் தெரிந்திராது. அப்படித் தெரியாமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போதுதான் எனக்கு இந்த மேடையில் ஏறிப் பேசத் தோன்றிற்று.

மருந்துக் கடைக்கும் இந்த மேடைக்கும் சம்பந்தம் உண்டா என்பதை இனி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.